நீலத் திரையும் நாட்டு நடப்பும்

உலகெங்கும் ஒரே நாளில், ஒரே காரணத்தால் அலுவல்கள் நின்றுபோவதென்பது முன்னாளில் பெரும் போர்க்காலங்களில் மட்டுமே நிகழக்கூடியதாயிருந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19ஆம் நாள், வெள்ளிக்கிழமையன்று, போருமின்றிப் புயலுமின்றி அது நிகழ்ந்தது. கணினிகளைக் கள்வரிடமிருந்து காக்கும் மென்பொருளை விற்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்று, நம் நாட்டு நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்திற்கு, தன் காவற்காரனுக்குப் புதிய குறிப்பொன்றை அனுப்பி வைத்தது. அக்குறிப்பில் பிழை இருந்தது. காவற்காரன் வீட்டுக்குள்ளிருந்தே கதவை அடைத்துக்கொண்டுவிட்டான். 10 மணி 57 நிமிடத்திற்குக் குறிப்பைத் திரும்பப் பெற்றார்கள். இடைப்பட்ட 78 நிமிடங்களுக்குள் உலகில் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையைக் காட்டி நின்றுவிட்டன.

அதே வகைக் கணினிகளின் மொத்தத் தொகையில் இது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று பின்னர்க் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஊரில் நூறு வீடுகளில் ஒரு வீட்டுக் கதவு அடைபட்டால் ஊர் நின்றுவிடுமா என்று கேட்கலாம். அடைபட்ட அந்த ஒரு வீடு மருத்துவர் வீடாகவும், கணக்குப்பிள்ளை வீடாகவும், ஓடக்காரன் வீடாகவும் இருந்ததே அன்றைய இடர்.

மும்பைக் கோட்டைப் பகுதியில் நாம் பணியாற்றும் அலுவலகமும் அந்த நூற்றில் ஒன்றாயிற்று. கப்பலில் சரக்கு அனுப்புவோருக்குத் தாள்கள் ஆயத்தம் செய்து கொடுப்பது அங்கு நடக்கும் தொழில். பதினான்கு கணினிகள் உண்டு. ஒன்பதரை மணிக்கு அலுவல் தொடங்குவது வழக்கமாதலால், மழையில் நனைந்த குடைகளை மூலையில் சாய்த்துவிட்டுப் பதின்மூன்று பேர் பதின்மூன்று கணினிகளை இயக்கியிருந்தோம். பத்து மணிக்குள் பதின்மூன்றும் நீலமாயின. மீண்டும் இயக்கினால் மீண்டும் நீலம். முதலில் ஒவ்வொருவரும் தம் கணினி மட்டுமே கெட்டுவிட்டதென எண்ணி மற்றவர் மேசையை எட்டிப் பார்த்தார்கள். பிறகு, எல்லாருக்கும் ஒரே கதியென்று கண்டதும், முகத்தில் ஓர் ஆறுதல் தோன்றியதை மறைக்க முடியவில்லை. மனித இயல்பு அது.

மேலாளர் அன்று மழையினால் குர்லாவில் ரயிலில் சிக்கி, பதினொன்றேகால் மணிக்கு வந்து சேர்ந்தார். அவர் தம் கணினியை இயக்கினார். அது ஒரு குறையுமின்றி இயங்கிற்று. அந்த 78 நிமிடங்களில் உறங்கிக் கிடந்த கணினிகளை நோய் தீண்டவில்லை. நேரம் தவறாமல் வந்தோர் பதின்மூவரும் கைகட்டி நிற்க, தாமதமாக வந்தவர் ஒருவரே வேலை செய்யத் தகுதியுடையவராய் விளங்கினார். காலந்தவறாமையைப் பற்றி அவர் மாதந்தோறும் அனுப்பும் சுற்றறிக்கை அந்த ஆகஸ்டில் வரவில்லை.

மேலே சொன்ன பழுதை நீக்கும் வழி எளிதாகவே இருந்தது. கணினியை அதன் காப்பு நிலையில் எழுப்பி, ஒரே ஒரு கோப்பை அழித்துவிட்டால் போதும். ஆனால் இதைத் தொலைவிலிருந்து செய்ய இயலாது. ஒவ்வொரு கணினியின் முன்பும் ஒருவர் அமர்ந்து தம் கையால் செய்யவேண்டும். கணினியின் உள்ளடக்கம் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்கங்கள் கொண்ட திறவெண் ஒன்றை முதலில் உள்ளிடவேண்டும். அந்தத் திறவெண்கள் எங்கே இருந்தன? பிறிதொரு கணினியில். அதுவும் நீலமாகிக் கிடந்தது. நவி மும்பையிலிருந்த தொழில்நுட்பத்தாரின் தொலைபேசி நாள் முழுவதும் ‘வேறு அழைப்பில் உள்ளார்’ என்றே பாடிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் நவசேவாத் துறைமுகத்தின் வாயில் அடைபடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெளிநாடு செல்லவேண்டிய இரண்டு கொள்கலன்களில் நாசிக் வெங்காயம் இருந்தது. இரும்புச் சாமானாயிருந்தால் ஒரு வாரம் கிடக்கட்டும் எனலாம், வெங்காயம் காத்திராது. மேலாளரின் ஒற்றைக் கணினிக்கு முன்னால், ரேஷன் கடையில் நிற்பதுபோல் வரிசை கட்டி நின்று, ஒருவர் பின் ஒருவராகத் தாள்களை முடித்தோம். வெங்காயம் பிழைத்தது. வேறு சரக்குகள் சில அடுத்த கப்பலுக்குப் போயின.

வேலையற்று நிற்கும் அலுவலகத்தில் அரசியல் பேச்சு எழுவதற்கு அழைப்பு வேண்டுவதில்லை. அன்று தேர்தல் முடிவுகள் வெளியாகி ஆறு வாரங்களே ஆகியிருந்தன. 543 இடங்களில் ஆளுங்கட்சி 240 பெற்று, துணைக் கட்சிகளோடு 293 ஆகி, மூன்றாம் முறை அரசமைத்திருந்தது. நான்கு நாட்களில் வரவு செலவுத் திட்டம் வரவிருந்தது. நம் கணக்கர் நாசிக் மாவட்டத்துக்காரர். தேநீர்க் கோப்பையைக் கையிலேந்தியவாறே வெங்காயத்திலிருந்து தொடங்கினார். 2023 டிசம்பரில் ஏற்றுமதியைத் தடை செய்தது, 2024 மே 4ஆம் நாள் தடையை நீக்கியும் நூற்றுக்கு 40 என்று தீர்வை விதித்தது, அந்த வட்டாரத்தில் நாசிக், திண்டோரி ஆகிய இரு தொகுதிகளையும் ஆளுங்கூட்டணி இழந்தது, ஒன்றிய இணையமைச்சர் ஒருவரே திண்டோரியில் தோற்றது என்று வரிசையாக அடுக்கினார். அவர் கட்சி பேசுபவரல்லர், வெங்காயம் பேசுபவர். (அத்தீர்வை 2024 செப்டம்பரில் பாதியாகக் குறைந்து, 2025 ஏப்ரலில் முழுதும் நீங்கிற்று. அன்று அதனை அறிந்தவர் யார்?)

உத்தரப் பிரதேசத்து இளைஞர் ஒருவர் வேறு திசையில் சென்றார். ‘ஒரு பிழைக் குறிப்பு அமெரிக்காவிலிருந்து வந்து நம் மேசைக் கணினிகளையெல்லாம் நிறுத்திவிடுமானால், வாக்குப்பதிவு இயந்திரங்களை நிறுத்தவோ மாற்றவோ எவ்வளவு நேரமாகும்?’ என்பது அவர் வினா. அன்று நாட்டில் பல்லாயிரம் அலுவலகங்களில் இந்த வினா எழுந்திருக்கும். ஆதலால் இதைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

நம் நாட்டு வாக்குப்பதிவு இயந்திரம் எந்த வலையுடனும் இணைக்கப்படாதது. கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ அதற்கு ஒரு செய்தியை அனுப்புவதற்கு வாயிலே வைக்கப்படவில்லை. நம் மேசைக் கணினிகளை நிறுத்திய நோய் அதனைத் தீண்டுவதற்கு வழியில்லை. அதனை வடித்தெடுத்த பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ரங்கராஜன் என்ற பொறியாளர். வாசகர்கள் அவரைச் சுஜாதா என்றே நன்கறிவார்கள். தொடர்கதைக்காக வாரந்தோறும் காத்திருந்த குடும்பங்களில் பல, தாம் வாக்களிக்கும் பெட்டிக்குள்ளும் அவர் கைவண்ணம் உண்டென்பதை அறியாமலே பொத்தானை அழுத்தி வந்திருக்கின்றன.

அவ்வியந்திரம் முதன்முதலாக 1982 மே 19ஆம் நாள், கேரளத்துப் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச் சாவடிகளில் வைக்கப்பட்டது. அதன்மேல் ஐயங்கொண்டு தேர்தலுக்கு முன்பே நீதிமன்றம் சென்றவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் சிவன் பிள்ளை. தேர்தலில் 123 வாக்குகளில் வென்றவரும் அவரே. வென்றபின் அவருடைய ஐயம் தீர்ந்தது. தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ. சி. ஜோஸுக்கு ஐயம் பிறந்தது. சட்டத்தில் இயந்திரத்திற்கு இடமில்லையென்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, அந்த 50 சாவடிகளிலும் தாள் வைத்து மறுதேர்தல் நடத்தினார்கள். இம்முறை ஜோஸ் வென்றார். இயந்திரத்தைப் பற்றிய ஐயம் கட்சிக்குக் கட்சி இடம் மாறுவது அன்று தொடங்கிற்று. இன்றுவரை அதில் மாற்றமில்லை. 1989இல் சட்டம் திருத்தப்பட்டது; 2004இல் 543 தொகுதிகளிலும் இயந்திரமே வந்தது; 2013 முதல் வாக்கைத் தாளில் காட்டும் கருவியும் சேர்ந்தது. 2024 ஏப்ரல் 26ஆம் நாள், மீண்டும் தாள்முறைக்குச் செல்லவேண்டுமென்ற வேண்டுகோளை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. எனினும், சின்னங்களை ஏற்றும் கருவிகளை முடிவுக்குப்பின் 45 நாட்கள் முத்திரையிட்டு வைக்கவேண்டுமென்றும், இரண்டாம் மூன்றாம் இடம் பெற்றோர் வேண்டினால் நூற்றுக்கு 5 இயந்திரங்களைப் பொறியாளர் சோதிக்கவேண்டுமென்றும் ஆணையிட்டது. இவ்வாணை நன்று என்பதே நம் கருத்து. வலையில் இல்லாத இயந்திரத்தையும் அடைத்து வைப்பவரும் எடுத்துச் செல்பவரும் மனிதர்களே அல்லவா?

இளைஞரை நோக்கி, ‘உம் வாக்கை எந்த இயந்திரத்தில் இட்டீர்?’ என்று வினவினோம். அவர் சிரித்தார். அவர் பெயர் ஜோன்பூர்ப் பட்டியலில் இருக்கிறது, அவர் ஏழாண்டுகளாக மும்பையில் இருக்கிறார், விடுமுறை கிடைக்கவில்லை. இயந்திரத்தின் நம்பகத்தைப் பற்றி அரைமணி நேரம் வாதாடியவர் இயந்திரத்தைக் கண்ணாலும் கண்டவரல்லர்.

ஆனால் அவரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நம்மவர்களுக்கு உண்டா? 2024 ஏப்ரல் 19ஆம் நாள் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. மே 20ஆம் நாள் மும்பையில். இரண்டு நாட்களிலும் வீட்டிலேயே இருந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! பெயர் ஊரில் இருக்கும், வாழ்வு இங்கிருக்கும். 1950ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவர் வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கேயே அவர் பெயர் இருக்கவேண்டுமென்கிறது. இரண்டு தொகுதிகளில் இருத்தல் ஆகாதென்றும் கூறுகிறது. ஊர்ப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கினால் ஊரோடுள்ள கடைசிக் கயிறும் அறுந்துபோகும் என்ற அச்சத்தால் பெயரை அங்கேயே விட்டுவைத்து, இரண்டிடத்திலும் வாக்கிழந்து நிற்கிறோம். 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம், தொலைவிலுள்ளோர் இருந்த இடத்திலிருந்தே வாக்களிக்க, ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள் வரை கொள்ளும் மாதிரி ஒன்றை அறிவித்தது. 2023 ஜனவரி 16ஆம் நாள் கட்சிகளுக்குக் காட்டுவதற்கு ஏற்பாடாயிற்று. எதிர்க்கட்சிகள் பல ஒப்பவில்லை. 2024 தேர்தலில் அது வரவில்லை. வேறு மாநிலத்தில் உழைப்பவன் வாக்கு எந்தக் கட்சிக்கும் அவசரமாயில்லை போலும்.

இவ்வாறு பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, செம்பூரில் வாழும் சங்க அன்பர் ஒருவர் விமான நிலையத்திலிருந்து அழைத்தார். அவர் தாயார் அன்று விடியற்காலை கோவில்பட்டிக்கு அருகிலுள்ள சிற்றூரில் காலமாகிவிட்டார். மூத்த மகன் அவரே. காலை எட்டரை மணிக்கு நாம் ரயிலில் வரும்போதே செய்தி சொல்லியிருந்தார். அலுவலகம் சேர்ந்ததும் சென்னைக்கு ஒரு விமானமும், அங்கிருந்து தூத்துக்குடிக்கு மற்றொன்றும் பதிவு செய்து கொடுத்திருந்தோம். பயணச்சீட்டு அச்சாகுமுன் திரை நீலமாயிற்று. நல்வேளையாகப் பதிவெண் அவர் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

விமான நிலையத்தில் திரைகள் இருண்டிருந்தன. விமான நிறுவனத்தார் பயணிகளின் பட்டியலை எங்கிருந்தோ தாளில் பெற்று வந்து, இருக்கைச் சீட்டுகளைப் பேனாவினால் எழுதிக்கொண்டிருந்தார்கள். வரிசை வாயிலைக் கடந்து வெளியே நீண்டிருந்தது. நிறுவனம் ஒன்று மட்டுமே நாடெங்கும் ஏறக்குறைய 200 பயணங்களை அன்று நிறுத்தியதாக மாலையில் செய்தி வந்தது.

‘அண்ணாச்சி, பேனாவாலே எழுதிக் குடுத்திருக்காக. இதைக் காட்டினா உள்ளே ஏத்துவாகளா?’ என்று அவர் கேட்டார். குரலில் அழுகை இல்லை. அதுவே நமக்கு வருத்தமளித்தது. அழுவதற்கும் ஒரு நிம்மதி வேண்டும்போலும்.

‘ஏற்றுவார்கள். தாளைக் கைவிடாதீர்கள்’ என்றோம். வேறு என்ன சொல்வது?

அச்சீட்டை நாம் பின்னர்க் கண்டோம். நம்மவர் பெயர்களைக் கணினி எவ்வாறு சிதைக்குமென்பது யாவரும் அறிந்ததே. தலைப்பெழுத்து என்னும் வழக்கம் அதற்குப் புரியாது. குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டு, தகப்பனார் பெயரை இழுத்துவந்து முன்னே நிறுத்தி, மகனைத் தந்தையாக்கிவிடும். இருபத்திரண்டு ஆண்டுகளாக எல்லாச் சீட்டுகளிலும் தம் தந்தையின் பெயரால் அழைக்கப்பட்டு வந்த அந்த அன்பருக்கு, வரிசையில் எழுதிக்கொண்டிருந்த பெண், ‘உங்கள் பெயர் என்ன?’ என்று கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஒன்றரை மணி விமானம் ஐந்து மணிக்குப் புறப்பட்டது. சென்னையில் இறங்கியபோது தூத்துக்குடி விமானம் இல்லை. அங்கிருந்து மெட்ரோவில் எழும்பூர் சென்று, நெல்லை விரைவு வண்டியில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறி, மதுரை வரை நின்றுகொண்டே சென்றார். ஊரில் குளிர்ப்பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக் காத்திருந்தார்கள். பொழுது சாயுமுன் எடுத்துவிடவேண்டுமென்று பெரியவர்கள் சிலர் வற்புறுத்த, இளைய மகன், ‘அண்ணன் வராமல் எடுக்க விடமாட்டேன்’ என்று வாசலில் அமர்ந்துவிட்டானாம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் கோவில்பட்டியில் இறங்கினார். தாய்க்குத் தம் கையால் கொள்ளியிட்டார்.

அவர் நின்றுகொண்டு சென்ற ரயில் அன்று நிற்கவில்லை என்பதைக் கருதவேண்டும். ரயில் முன்பதிவு அன்று தடைப்படவில்லை. பங்குச் சந்தைகளும் நடந்தன. அரசாங்கத் தகவல் மையத்தின் வலைக்கு ஊறில்லையென்று அமைச்சர் அறிவித்தார். வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் பத்தே இடங்களில் சிறு இடையூறென்று ரிசர்வ் வங்கி கூறிற்று. ரயில்வே, தன் முன்பதிவுக்கான மென்பொருளைத் தன் சொந்த மையத்திலேயே வடித்துக்கொண்டது. 1985–86இல் புது தில்லியில் முதன்முதலாகக் கணினியில் முன்பதிவு தொடங்கிற்று. இதனைக் கொண்டு சுதேசிப் பெருமை பேசியோர் அந்த வாரம் பலர்.

அப்பெருமையில் ஒரு பங்கு உண்மை உண்டு. கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், 2,700 வெற்றிடக் குழல்களைக் கொண்டு நம்மவர்களே ஒரு கணினியைக் கட்டி 1960இல் இயக்கினார்கள். 1962இல் நேரு அதற்கு டிஃப்ராக் எனப் பெயர் சூட்டினார். அக்குழுவை நடத்தியவர் சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன். நம் அலுவலகத்திலிருந்து பேருந்தில் ஏறினால் அரைமணி நேரத்தில் அவ்விடத்தை அடையலாம். எனினும் சில ஆண்டுகளிலேயே அமெரிக்கக் கணினி ஒன்றை வருவித்து அதனிடத்தில் வைக்க நேர்ந்தது. 1978இல் ஐபிஎம் நிறுவனம் அரசின் நிபந்தனைக்கு உடன்படாமல் நாட்டைவிட்டு வெளியேறிற்று. பதினான்கு ஆண்டுகளில் மீண்டும் வந்தது. அந்நியப் பொருளை விலக்குவது எளிது. அதனிடத்தில் வைக்க ஒன்றை உண்டாக்கி, அதனைத் தொடர்ந்து காப்பது அரிது. ரயில்வே அதனைச் செய்தது. அதற்குக் காரணம் தேசபக்தி மட்டுமன்று. நாள்தோறும் சாளரத்தின் முன் முண்டியடித்து நிற்கும் மக்களுக்கு அது பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

கணினியோடு நம்மவர்க்குள்ள உறவு தனி வகையானது. இந்நகருக்கு நம் முன்னோர் பலரைக் கொண்டுவந்து சேர்த்தது தட்டெழுத்துப் பொறி. பள்ளியிறுதித் தேர்வு, தட்டெழுத்தில் உயர்நிலை, சுருக்கெழுத்தில் இடைநிலை ஆகிய மூன்று சான்றிதழ்களோடு தாதர் நிலையத்தில் இறங்கி, மாட்டுங்காவில் ஓர் அறையில் எண்மராகத் தங்கி, மூன்றாம் நாளே வேலையில் அமர்ந்தோரின் வரலாறு இம்மாத இதழின் வாசகர் பலரது வீட்டு வரலாறே ஆகும். அவ்வேலைகளைக் குறித்து எழுந்த பகையையும் அவ்வீடுகள் அறியும். ‘மார்மிக்’ வார இதழ், நிறுவனங்களிலிருந்த தென்னாட்டு அலுவலர்களின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டது. 1966 ஜூன் 19ஆம் நாள் சிவசேனை பிறந்தது. அந்நாட்களில் இரவு நேரத்தில் வேட்டியோடு வெளியே செல்ல அஞ்சியவர்களைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்தோம்.

வியப்பு என்னவெனில், எவ்வேலைக்காக இரு தரப்பாரும் மோதிக்கொண்டார்களோ அவ்வேலையே பின்னர் இல்லாது போயிற்று. தட்டெழுத்தரைத் தென்னாட்டாராலும் மராத்தியராலும் அகற்ற முடியவில்லை, கணினி அகற்றிவிட்டது. வருவதை முன்னரே உணர்ந்தோரும் இருந்தார்கள். 1960களின் நடுவில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கல்கத்தாவில் கணினி நிறுவ முற்பட்டபோது, ஊழியர்கள் இலாக்கோ மாளிகையை இரவு பகலாகக் காவல் காத்து அதனை உள்ளே விடாது தடுத்தார்கள். வங்கிகளில் 1983இல்தான் சங்கங்களும் நிர்வாகமும் உடன்படிக்கை செய்துகொண்டன, அதனையடுத்துச் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வங்கிகளுக்குக் கணினி வரும் வழியை வகுத்தது. அக்காலத்தில் கணினியை எதிர்த்தவர்களைப் பிற்போக்கர் என்று எள்ளி நகையாடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த நகையாட்டில் நமக்கு விருப்பமில்லை. வேலை போனால் வேறு வேலை எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். அதற்குச் சரியான பதிலை அன்று எவரும் சொல்லவில்லை. பதில் கிடைத்தது அவர்கள் மக்களுக்கு. தட்டெழுத்தர் மகன் மென்பொருள் எழுதுபவனானான். அந்த ஏணியில் ஏற இயலாதவர்கள், மில்லில் உழைத்தவர்களும் தாராவியில் தோல் பதனிட்டவர்களும், இந்தக் கணக்கில் சேர்வதில்லை.

அரசியல் எவ்வாறெல்லாம் திரும்பும் என்பதற்குத் தாராவியே சாட்சி. 2024இல் தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா ஆகியவற்றை உட்கொண்ட தென்மத்திய மும்பைத் தொகுதியில் எதிரெதிரே நின்றவர் இருவருமே சேனையின் இரு கிளையினர். ஒரு கிளையின் அனில் தேசாய் மற்றொரு கிளையின் ராகுல் ஷேவாலேயை வென்றார். தமிழ்க் குடும்பங்களின் வாசலில் இரு கிளையாரும் கைகூப்பி நின்று, தமிழில் துண்டறிக்கை கொடுத்தார்கள். சயான் கோலிவாடாவில் 2014 முதல் சட்டமன்ற உறுப்பினராக வென்று வருபவர் ஆர். தமிழ்ச்செல்வன் என்ற தமிழர். வேட்டிக்கு அஞ்சிய பாட்டனார் இவற்றைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நம் தமக்கையார் அடிக்கடி கேட்பதுண்டு.

அந்த வெள்ளிக்கிழமையால் உண்டான இழப்புக்கு யார் பொறுப்பு என்ற வினாவை மட்டும் எந்த அரசியல் மேடையிலும் நாம் கேட்டோமில்லை. விமானம் நின்றுபோனால் நிறுவனம் பயணிக்கு வேறு விமானமோ பணத்தைத் திருப்பியோ கொடுக்கவேண்டுமென்று விதியுண்டு. ஆனால் அதற்குமேல் இழப்பீடு என்று கேட்டால், தன் ஆற்றலுக்கு மீறிய காரணமென்று நிறுவனம் சொல்லித் தப்ப அதே விதியில் வழியும் உண்டு. மழையும் மூடுபனியும் அவ்வாறு மீறியவையே. பணங்கொடுத்து வாங்கிய மென்பொருளில் விற்றவன் செய்த பிழையும் மழையோடு சேருமா? அன்பர் தூத்துக்குடிச் சீட்டின் பணத்தைத் திரும்பப் பெற இருபத்தாறு நாட்கள் ஆயின. அவ்வளவே. ஜூலை 23ஆம் நாள் வரவு செலவுத் திட்ட உரையைத் தொலைக்காட்சியில் கேட்டபோது, பீகாருக்கும் ஆந்திரத்திற்கும் வழங்கியவை பற்றியே எங்கும் பேச்சாயிருந்தது.

நம் அலுவலகத்தில் இரண்டு கணினிகள் அன்று மாலை நான்கு மணிக்கும், எஞ்சியவை திங்கட்கிழமையும் எழுந்தன. தொழில்நுட்பத்தார் விட்டுச் சென்ற திறவெண் பட்டியலை மேலாளர் தாளில் எழுதுவித்து, இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். சங்கத்திலும் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதுபற்றிப் பேச்செழுந்தது. உறுப்பினர் விவரம் யாவும் ஒரே மடிக்கணினியில் இருப்பதை எல்லாரும் அப்போதுதான் உணர்ந்தார்கள். இளைஞர் சிலர், மேகத்தில் படியெடுத்து வைத்தால் போதும் என்றார்கள். முதியோர், தடித்த அட்டைபோட்ட நீளக் குறிப்பேடு ஒன்று வாங்கவேண்டுமென்றார்கள். இரண்டும் செய்யப்பட்டன.

குறிப்பேடு நூல்நிலைய மேசையில் இருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் பெயர், இங்குள்ள முகவரி, ஊரில் உடனே அழைக்கத்தக்க உறவினர் ஒருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை அதில் தம் கைப்பட எழுதிவைக்க வேண்டுகிறோம். வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான 6ஆம் படிவத்தையும், முகவரி மாற்றுவதற்கான 8ஆம் படிவத்தையும் நிரப்பிக் கொடுக்க அன்பர் இருவர் ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் 12 மணி வரை அங்கேயே இருப்பார்கள். வருவோர் இங்குள்ள முகவரியைக் காட்டும் தாள் ஒன்றையும், பெயர் ஊரில் இருப்பின் அங்குள்ள அடையாள அட்டையின் எண்ணையும் மறவாது கொணர்க.